ஈகையும் விலையும்: அறப்பணிக் கடைகளின் வரலாறு நமக்குக் கற்பிப்பது

யோப்பா பட்டணத்துச் சீஷியாகிய தொற்காளின் மரணத்தை அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரம் விவரிக்கின்றது. மேல்வீட்டில் கூடி அழுத விதவைகள் பேதுருவுக்கு எடுத்துக் காட்டியவை அவள் தைத்துக் கொடுத்த உடுப்புகளே. அவளது ஊழியத்திற்கு அவையே சாட்சியாக நின்றன. இப்பகுதியை வைத்து நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். ஆயினும் அதனுள் அமைந்த ஒரு நுட்பத்தை எளிதில் கவனியாது விட்டுவிடுகிறோம். தொற்காள் கொடுத்தது, தான் உடுத்திக் கழித்த ஆடையன்று. பிறருக்கென்றே தன் கைகளால் புதிதாகச் செய்த ஆடை.

அவள் பெயரைத் தாங்கிய மகளிர் சங்கங்கள் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெருகின. 1834இல் மான் தீவின் டக்ளஸ் நகரில் தோன்றிய தொற்காள் சங்கம் அவற்றுள் ஒன்று. மகளிர் கூடித் துணி தைத்து ஏழைகளுக்கு வழங்குவதே இத்தகைய சங்கங்களின் நோக்கம். ஆனால் காலப்போக்கில், தைத்துக் கொடுத்தலோடு, உடுத்திக் கழித்தவற்றைக் கொடுத்தலும் திருச்சபையின் ஈகைக்குள் பேரிடம் பெற்றது. அப்பொழுது ஒரு வினா எழுந்தது. பிறர் கழித்ததைப் பெற்றுக்கொள்பவனுடைய மானம் என்னாவது?

இவ்வினாவுக்கு மேலைநாட்டுக் கிறிஸ்தவர்கள் கண்ட விடைகளுள் ஒன்றே அறப்பணிக் கடை. மக்கள் இலவசமாக ஈந்த பழம்பொருள்களைக் குறைந்த விலைக்கு விற்று, அதனால் வரும் வருவாயை அறப்பணிக்குச் செலவிடும் கடையையே இப்பெயரால் குறிக்கிறோம். அதன் வரலாற்றை இங்குச் சுருக்கமாக ஆராய்வோம். பழந்துணியின் வரலாறு இறையியல் மாணவர்க்கு எதற்கு என்று ஒருவர் வினவக்கூடும். கொடுப்பவனும் பெறுபவனும் தேவனுக்கு முன்பாக எவ்வாறு நிற்கின்றனர் என்னும் வினா இறையியல் வினாவே என்பது நம் துணிபு.

1. இழிவாகக் கருதப்பட்ட வாணிகம்

இயந்திர நூற்பும் இயந்திர நெசவும் பரவுவதற்கு முன்னர் ஐரோப்பாவில் துணி விலையுயர்ந்த பொருளாயிருந்தது. எசமானர் உடுத்தித் தள்ளிய ஆடை வேலைக்காரர்க்குச் சேரும். அவர்கள் அதனை விற்பர். அது கைமாறிக் கைமாறி இறுதியில் கந்தலாகிக் காகித ஆலையைச் சென்றடையும். எளிய மக்களுட் பலர் தம் வாழ்நாளில் உடுத்தவை பெரும்பாலும் பழைய ஆடைகளே. இலண்டன் மாநகரில் ரோஸ்மேரி சந்தையிலும், பெட்டிகோட் சந்திலும், ஹவுண்ட்ஸ்டிச் பகுதியிலும் இவ்வாணிகம் பெருக நடந்தது.

இத்தொழிலில் யூதர் மிகுதியாக ஈடுபட்டிருந்ததற்குக் காரணம் கிறிஸ்தவ அரசுகளின் சட்டங்களே. வெனிஸ் குடியரசு 1516இல் யூதர்களைக் கெட்டோ என்னும் தனிப்பகுதிக்குள் அடைத்தபோது, அவர்களுக்கு அனுமதித்த தொழில்கள் மிகச் சிலவே. அடகுக்குப் பணம் கொடுப்பதும் பழைய பொருள் விற்பதும் அவற்றுள் அடங்கும். 1290இல் இங்கிலாந்திலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் 1656இல் மீண்டும் அங்குக் குடியேற இடம் பெற்றனர். எனினும் இலண்டன் நகர எல்லைக்குள் சில்லறைக் கடை வைக்கும் உரிமை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை அவர்களுக்கு மறுக்கப்பட்டது. கடை வைக்க இயலாதவன் தோளில் மூட்டை சுமந்து தெருத்தெருவாய்க் கூவித் திரிவதன்றி வேறென் செய்வான்? ஹென்றி மேஹியூ என்னும் இதழாளர் 1851இல் வெளியிட்ட இலண்டன் ஏழைகளைப் பற்றிய நூலில், இப்பழந்துணி வணிகரின் அன்றாட உழைப்பை விரிவாக எழுதி வைத்துள்ளார்.

இத்தொழிலுக்குள் அவர்களைத் தள்ளிய சமுதாயமே, இத்தொழிலைச் செய்ததற்காக அவர்களை இகழவும் செய்தது. அவர்கள் விற்கும் துணி திருட்டுத் துணி என்றும் நோய் பரப்பும் துணி என்றும் ஏசியது. பிற்காலத்தில் கிறிஸ்தவ நிறுவனங்கள் அதே பழந்துணியை விற்றபோது, அது அருட்செயல் என்று போற்றப்பட்டது. விற்ற பொருள் ஒன்றே, விற்றவர் மாறினர். இவ்வுண்மையை மறைத்து அறப்பணிக் கடையின் வரலாற்றை எழுதுவது திருச்சபைக்கு அழகன்று.

2. ஆலயக் கூடத்து விற்பனை

19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆங்கிலத் திருச்சபைகளில் ஜம்பிள் விற்பனை என்னும் வழக்கம் பரவிற்று. ஜம்பிள் என்பதற்குப் பலவும் கலந்த குவியல் என்பது பொருள். சபையார் தம் வீட்டிலுள்ள பழைய சட்டை, காலணி, பாத்திரம், விளக்கு ஆகியவற்றை ஆலயக் கூடத்திற்கு அனுப்புவர். குறித்த நாளில் சுற்று வட்டாரத்து ஏழைகள் வந்து சில பென்னிகளுக்கு அவற்றை வாங்கிச் செல்வர். வருவாய் ஆலயப் பழுதுபார்ப்புக்கோ அருட்பணிக்கோ சேரும்.

இலவசமாகவே கொடுத்திருக்கலாமே, ஏன் விற்க வேண்டும் என்னும் ஐயம் அன்றும் எழுந்தது. இலவசமாகப் பெறுகிறவன் தலை குனிகிறான், ஒரு பென்னியேனும் கொடுத்து வாங்குகிறவன் தலை நிமிர்ந்து செல்கிறான் என்பதே விற்பனையை ஆதரித்தோரின் விடை. இதில் ஓரளவு உண்மை உண்டு. வாங்குகிறவனுக்குத் தெரிந்தெடுக்கும் உரிமை உண்டு. வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் உண்டு. இலவசமாகப் பெறுகிறவனுக்கு இவ்விரண்டும் இல்லை. ஆயினும் ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுத்தால் அவர்கள் சோம்பேறிகளாவர் என்னும் செல்வர்களின் அச்சமும் இவ்விடையுள் மறைந்திருந்தது. மானத்தைக் காக்கும் அன்பும் ஏழையை நம்பாத மனமும் ஒரே விலைச் சீட்டில் கலந்திருந்தன.

3. பூத்தும் ஹெல்ம்சும்

இரட்சணிய சேனையின் நிறுவுநரான வில்லியம் பூத்தை நம் நாட்டுச் சபைகள் நன்கறியும். நாகர்கோவில் மருத்துவமனை அவருடைய துணைவியார் கேதரின் பூத்தின் பெயரையே தாங்கியுள்ளது. பூத் 1890இல் இங்கிலாந்தின் இருண்ட பகுதிகளைப் பற்றித் தாம் வெளியிட்ட நூலில் ஒரு திட்டத்தை முன்வைத்தார். வீடுதோறும் வீணாகும் உணவு, பழந்துணி, பழங்காலணி, போத்தல், காகிதம் யாவற்றையும் முறையாகத் திரட்டுதற்கு ஒரு படை அமைக்கப்பட வேண்டும். அப்படையில் வேலையற்ற மனிதர் அமர்த்தப்பட வேண்டும் என்பதே அத்திட்டம். சமுதாயம் கழித்த பொருளையும் சமுதாயம் கழித்த மனிதனையும் ஒருங்கே மீட்டெடுக்க அவர் விரும்பினார். 1897இல் நியூயார்க் நகரில் இரட்சணிய சேனையின் ஆடவர் விடுதியொன்றின் நிலவறையிலிருந்து மனிதர் தள்ளுவண்டிகளுடன் புறப்பட்டுப் பழம்பொருள் திரட்டத் தொடங்கினர். அந்நாட்டில் அச்சேனை நடத்தும் பழம்பொருட் கடைகளுக்கு இதுவே தோற்றுவாய்.

இதே காலத்தில் பாஸ்டன் நகரில் அருள்திரு எட்கர் ஹெல்ம்ஸ் என்னும் மெதடிஸ்ட் போதகர் ஊழியஞ் செய்து வந்தார். அந்நகரின் தென்பகுதியில், குடியேறிய ஏழைகள் நெருங்கி வாழ்ந்த இடத்தில் மார்கன் சிற்றாலயம் இருந்தது. 1895இல் அதன் பொறுப்பை ஏற்ற ஹெல்ம்ஸ், சாக்குப் பைகளை எடுத்துக்கொண்டு செல்வர்களின் வீடுகளுக்குச் சென்று பழைய துணிகளையும் தட்டுமுட்டுப் பொருள்களையும் கேட்டு வாங்கினார். வேலையற்றோரைக் கொண்டு அவற்றைச் செப்பனிடுவித்தார். அவர்களுக்குக் கூலி கொடுத்தார். செப்பனிட்டவற்றை அப்பகுதி மக்களுக்கே குறைந்த விலைக்கு விற்றார். 1902ஐ இவ்வியக்கத்தின் தொடக்க ஆண்டாகக் கொள்வர். பின்னர்ப் புரூக்ளினில் இதே முறையில் எழுந்த பணியின் வழியாகக் குட்வில் என்னும் பெயர் வழங்கலாயிற்று. தருமம் வேண்டா, வாய்ப்பு வேண்டும் என்பதே அவ்வியக்கத்தின் முழக்கமாயிற்று.

ஹெல்ம்சின் முறையில் பிச்சைக்கு இடமில்லை. செல்வன் பொருளைத் தருகிறான். ஏழை தன் உழைப்பைத் தருகிறான். வாங்குவோன் விலையைத் தருகிறான். மூவரும் கொடுப்போரே. வயல் ஓரத்தைத் தீர அறுக்காமலும் சிந்திய கதிர்களைப் பொறுக்காமலும் எளியவனுக்கு விட்டுவிடும்படி லேவியராகமம் 19ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அக்கட்டளையில் எளியவன் தன் கைகளால் பொறுக்குகிறான். நிலக்காரனின் வாசலில் சென்று கையேந்தி நிற்பதில்லை. ரூத்தை வெட்கப்படுத்தாதிருக்கும்படி போவாஸ் தன் வேலைக்காரர்க்குக் கட்டளையிட்டதும் இவ்வுணர்வினாலேயே. ஹெல்ம்ஸ் நகரத்துத் தெருக்களில் ஒரு போவாசின் வயலை உண்டாக்க முயன்றார் என்று கூறலாம்.

ஆனால் எந்த நற்பணியும் சோதனைக்கு உட்பட்டதே. 1938ஆம் ஆண்டின் அமெரிக்க நியாயத் தொழில் தரச் சட்டம், உடற்குறையுள்ளோர்க்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுக்கச் சில நிறுவனங்களுக்கு இடமளித்தது. அவ்விலக்கைப் பயன்படுத்திய குட்வில் கிளைகள் பிற்காலத்தில் கடுங்கண்டனத்திற்கு ஆளாயின. வாய்ப்பு அளிக்கப் பிறந்த இயக்கமே கூலியைக் குறைத்தது என்னும் குற்றச்சாட்டு, அருட்பணி நிறுவனங்கள் யாவும் சிந்திக்க வேண்டியதொன்றாகும்.

4. ஆக்ஸ்போர்டு நகரில் ஒரு கடை

இரண்டாம் உலகப் போரின்போது கிரேக்க நாடு அச்சு நாடுகளின் பிடியில் இருந்தது. நேச நாடுகளோ கடல்வழி முற்றுகையிட்டு, அந்நாட்டினுள் உணவு செல்லாதபடி தடுத்தன. பசியால் மக்கள் பெருந்தொகையாக மடிந்தனர். 1942 அக்டோபர் 5ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரத்துத் தூய மரியாள் பல்கலைக்கழக ஆலயத்தில் ஒரு குழு கூடிற்று. அவ்வாலயத்தின் குருவானவர் மில்ஃபோர்டு, கிரேக்க மொழிப் பேரறிஞர் கில்பர்ட் மர்ரே, குவேக்கர் எனப்படும் நண்பர் சபையினர் ஆகியோர் அம்முயற்சியில் பங்கு பெற்றனர். முற்றுகையைத் தளர்த்திப் பட்டினி கிடப்போர்க்கு உணவு செல்லவிடுமாறு அரசை வற்புறுத்துவதே அவர்கள் முதல் வேலை. போர்க்காலத்தில் தம் அரசின் போக்கைக் குறித்து வினா எழுப்புதற்குப் பெருந்துணிவு வேண்டும்.

இக்குழுவே பிற்காலத்தில் ஆக்ஸ்ஃபாம் என்று உலகறிந்தது. செசில் ஜாக்சன்-கோல் என்னும் வணிகர் இதன் மதிப்புறு செயலாளராயிருந்து, வாணிகத் திறமையை அறப்பணிக்குப் பயன்படுத்தினார். 1947 டிசம்பரில் ஆக்ஸ்போர்டு பிராட் தெரு 17ஆம் எண் கட்டடத்தில் இக்குழுவின் நிலையான கடை அமைந்தது. 1949இல் பணியில் சேர்ந்த ஜோ மிட்டி இக்கடையை வளர்த்தார். செயற்கைப் பற்களும் ஒரு கழுதையும் கூட அங்கு விற்பனைக்கு வந்தன என்று அவரைக் குறித்துக் கூறுவர்.

நிலையான கடை என்னும் கருத்து முற்றிலும் புதியதன்று. எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சமூகப் பணியகம் 1937இல் நிக்கல்சன் சதுக்கத்தில் இத்தகைய கடையொன்றைத் திறந்திருந்தது. செஞ்சிலுவைச் சங்கமும் 1941இல் இலண்டன் பழைய பாண்டு தெருவில் ஒரு கடையைத் தொடங்கி, போர் முடிவதற்குள் 200க்கும் மேற்பட்ட கடைகளை நிறுவிற்று. ஆயினும் பிராட் தெருக் கடையோடு ஒரு மாற்றம் உறுதிப்பட்டது. ஜம்பிள் விற்பனையிலும் பாஸ்டனிலும், வாங்குகிற ஏழைக்கே உதவி கிட்டிற்று. இங்கோ, வாங்குபவர் ஆங்கிலேயர். உதவி பெறுபவர் தொலைநாட்டவர். 1951இல் பீகாரில் பஞ்சம் நேர்ந்தபோது இக்குழு உதவி அனுப்பியது. முன்பின் அறியாத ஆங்கிலப் பெண்ணொருத்தி ஈந்த பழைய மேலாடையின் விலை பீகாரில் பசித்தவனுக்கு உணவாயிற்று எனில், இதனைக் கிறிஸ்து சரீரத்தின் ஐக்கியத்திற்கு ஒரு சிறு அடையாளமாகக் கொள்வது தவறாகாது. எனினும் அம்மாற்றத்தோடு ஓர் இடைவெளியும் புகுந்தது. கொடுப்போர் பெறுவோரின் முகத்தை இனிக் காணவேண்டியதில்லை.

5. விற்காமல் எஞ்சியவை

இன்று பிரிட்டனில் 10,000க்கும் மேற்பட்ட அறப்பணிக் கடைகள் உள்ளன. இலவசமாகப் பெற்ற பொருளை விற்கும்போது அவை மதிப்புக் கூட்டு வரி செலுத்தவேண்டியதில்லை. கட்டட வரியிலும் பெருஞ்சலுகை உண்டு. பெரும்பான்மையான கடைகளை ஊதியம் பெறாத தொண்டர்களே, குறிப்பாக முதிய பெண்மணிகளே, தாங்கி நிற்கின்றனர். முன்னர் வறியோரின் புகலிடமாயிருந்த இக்கடைகளுக்கு மாணவரும் நடுத்தர வகுப்பாரும் விரும்பி வருகின்றனர். பழம்பொருளை வாங்குவது இயற்கை வளத்தைக் காப்பதாகும் என்னும் எண்ணம் இதற்கு ஒரு காரணம். இது வரவேற்கத்தக்கதே.

ஆனால் கடைக்கு வரும் யாவும் விற்பனையாவதில்லை. எஞ்சியவை எடைக்கு விற்கப்பட்டுக் கந்தல் வணிகரைச் சேர்கின்றன. 1970களிலேயே ஆக்ஸ்ஃபாம் இதற்கென ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் துணி பிரிக்கும் நிலையம் ஒன்றை அமைத்தது. தரம் பிரித்த துணிகளில் பெரும்பகுதி பொதியாகக் கட்டப்பட்டுக் கப்பலேறுகிறது. அவற்றுள் சில நம் நாட்டுக் காண்ட்லாவுக்கும் பானிபட்டுக்கும் வருகின்றன. பானிபட்டில் கம்பளிக் கந்தலைப் பிரித்து நூலாக்கிப் போர்வை நெய்கின்றனர். வேறு சில நைரோபியின் கிகோம்பா சந்தையையும், அக்ராவின் காண்டமாண்டோ சந்தையையும் அடைகின்றன. கானா நாட்டு மக்கள் இத்துணிகளுக்கு இறந்துபோன வெள்ளையரின் ஆடை என்று பொருள்படும் பெயரை வழங்கினர். உயிரோடிருக்கும் ஒருவன் இத்துணை நல்ல ஆடையைத் தூக்கி எறியான் என்று அவர்கள் எண்ணியதாகக் கூறுவர்.

இவ்வாணிகத்தால் அந்நாடுகளில் பல்லாயிரவர் பிழைக்கின்றனர். உள்நாட்டு நெசவும் தையலும் நலிகின்றன என்னும் முறையீடும் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் 2016இல் பழந்துணி இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்தக் கருதின. ருவாண்டா அதன்மீது வரியை உயர்த்தியது. அதற்கு எதிர்நடவடிக்கையாக, ருவாண்டாவின் ஆடைகளுக்கு அளித்திருந்த வரிச்சலுகையை அமெரிக்கா 2018இல் நிறுத்திவைத்தது. பிறர் கழித்த ஆடையை மறுத்ததற்காக ஒரு சிறு நாடு தண்டனை பெற்றதை நம் தலைமுறை கண்டது. வேண்டாம் என்று மறுக்கும் உரிமையே வாங்குவோனின் மானம் என்று முன்னர்க் கூறினோம். அவ்வுரிமை நாடுகளுக்கும் உரியதன்றோ?

6. நம் சபைகளுக்கு

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடற்கோள் நேர்ந்தபின், நாகப்பட்டினக் கரையோரத்தில் நாம் கண்ட காட்சி இன்றும் மனத்தை உறுத்துகிறது. நாடெங்குமிருந்து வந்த பழைய துணிகள் சாலையோரங்களில் மேடுமேடாய்க் குவிந்து கிடந்தன. கிழிந்த சட்டைகள், கொக்கியற்ற இரவிக்கைகள், சாயம் போன புடவைகள் அவற்றுள் இருந்தன. உழைத்து உண்டு மதிப்போடு வாழ்ந்த மீனவ மக்கள் அவற்றைத் தொட மறுத்தனர். நாம் சார்ந்த சபை திரட்டிய மூட்டைகளும் அக்குவியலில் இருந்தன. முதிய தாய் ஒருவர் நாம் நீட்டிய புடவையை விரித்துப் பார்த்து, மீண்டும் ஒழுங்காக மடித்து, ஒரு சொல்லும் கூறாமல் மூட்டையின்மேல் வைத்துச் சென்றார். நம் ஊழியத்தில் நாம் பெற்ற கடுமையான பிரசங்கம் அதுவே.

மறுப்பதற்கு அவர்களுக்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் பழந்துணி வெறும் துணியன்று. மேற்சாதியார் கழித்ததை அடிமை வேலை செய்வோர் உடுக்க வேண்டும் என்னும் கொடிய வழக்கம் அதில் படிந்துள்ளது. பழந்துணியைக் கொடுக்கும் கையும் ஏந்தும் கையும் எவரெவர்க்குரியவை என்பதைச் சாதி முன்னரே விதித்திருந்தது. இதனை மறந்து, நாம் அன்பினால் கொடுத்தோம் என்று மட்டும் கூறிக்கொள்வது போதாது.

டில்லியில் அன்ஷு குப்தா 1999இல் தொடங்கிய கூஞ்ச் என்னும் அமைப்பு இச்சிக்கலுக்கு ஒரு வழி கண்டது. சிற்றூர் மக்கள் தம் ஊருக்கென்று கிணறு வெட்டுகின்றனர், பாதை அமைக்கின்றனர்; அவ்வுழைப்பிற்கு ஈடாக, தரம் பிரித்துச் செப்பனிட்ட துணிகள் வழங்கப்படுகின்றன. அவருக்கு 2015இல் மகசேசே விருது அளிக்கப்பட்டது. ஹெல்ம்ஸ் பாஸ்டனில் கண்ட உண்மையும் இதுவும் ஒன்றே. பெறுகிறவனும் ஏதேனும் கொடுக்கக்கூடியவன் என்று மதிப்பதே ஈகைக்கு உயிர்.

நம் சபைகளின் அறுப்பின் பண்டிகையை எண்ணிப் பாருங்கள். வயலின் முதற்பலனையும், தோட்டத்தின் பெரிய பூசணியையும், கொழுத்த சேவலையும் ஆலயத்திற்குக் கொணர்கிறோம். ஏலத்தில் பெருவிலை கொடுத்து எடுக்கிறோம். தேவனுடைய வீட்டிற்கு மிகச் சிறந்ததே சேரவேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு முன் ஏழைகளுக்கென்று துணி திரட்டும்போது, அலமாரியின் அடியிலுள்ளதைத் தேடுகிறோம். குருடும் ஊனமுமான பலியைச் செலுத்தினோரை நோக்கி, அதனை உன் அதிபதிக்குக் கொடுத்துப் பார் என்னும் கருத்தில் மல்கியா தீர்க்கதரிசி விடுத்த அறைகூவல் நமக்கும் உரியதே. ஆடையற்றவனுக்கு உடுத்தினது தமக்கே செய்ததென்று ஆண்டவர் மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் உரைத்திருக்க, கந்தலை எவருக்கு உடுத்துகிறோம்?

பழையதைக் கொடுத்தல் பாவமென்று நாம் கூறவில்லை. தூய்மையாகத் துவைத்து, கிழிசல் தைத்து, நம் பிள்ளைகளுக்கு நாமே மனமுவந்து உடுத்தக்கூடிய நிலையில் கொடுத்தால் அது நல்லீகையே. பெறுவோர் தெரிந்தெடுக்கவும், மறுக்கவும், இயன்றால் சிறு விலை கொடுக்கவும் இடமிருத்தல் வேண்டும். நாமும் அக்கடையில் வரிசையில் நின்று நமக்கென்று ஒரு சட்டை வாங்கத் தயங்காதிருத்தல் வேண்டும். கொடுப்போர் ஒருபோதும் நுழையாத கடை, கொடுப்போர்க்கும் பெறுவோர்க்கும் இடையே எழுந்த சுவராகவே நிற்கும்.

மீண்டும் யோப்பாவின் மேல்வீட்டிற்குச் செல்வோம். தொற்காள் கொடுத்த உடுப்புகளை அவ்விதவைகள் மறைக்கவில்லை; கண்ணீரோடு எடுத்துக் காட்டினர். அவற்றைப் பெற்றதில் அவர்களுக்கு வெட்கமில்லை. நாளை நம் ஊழியம் முடிந்து, நம்மை அடக்கம் செய்யக் கூடியிருப்போருள், நம் சபை கொடுத்த ஆடையை எடுத்துக் காட்ட எவரேனும் இருப்பாரா? ஆயர்களும், ஆயர்களாகப் பயிற்சி பெறுவோரும் அடுத்த துணி மூட்டையைக் கட்டுமுன் இவ்வினாவைத் தம்முள் கேட்டுக்கொள்ளுதல் நலம்.